பதினாறாவது வரி

பெயின்ட் குறைந்தது.

ஏழாம் வளைவில் நிற்கும் அந்த நினைவுக்கல்லுக்குக் கால் டின் கறுப்பு கச்சிதமாக வரும். மலைச்சாலை நெடுக நிற்கும் பழைய கற்களுக்கு வருடம் ஒருமுறை எழுத்து தீட்டுவது அவள் வேலை. செதுக்கிய பள்ளத்தில் கறுப்பை இறக்கி, வழிந்ததைத் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். பதினோரு வருடமாக அளந்து அளந்து பழகிய கை. இன்று தலைப்பு வரி வெறுமையாக நிற்க, டின்னின் அடியில் தூரிகை வறட்டென்று உரசியது. போன வருடமும் கொஞ்சம் இழுபறிதான். அப்போது பழியைக் கடைக்காரர் தலையில் போட்டுவிட்டாள்.

மகளைப் போனில் கூப்பிட்டாள். அவள் அடிவாரத்து மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிறவள்.

“ஒரு சின்ன டின் கறுப்பு வாங்கிட்டு வர்றியா?”

“நீ அளந்து எடுத்த பெயின்ட்டே குறையுதா? அப்போ இன்னிக்கு மழைதான் வரப்போகுது. அடுத்த பஸ்ல வர்றேன்மா. சாப்பிட்டியா?”

“ம்.”

சாப்பிடவில்லை. பசிக்கிறதா என்று உள்ளே கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. கணவர் போனதிலிருந்து இப்படித்தான். போன முறை அவள் இந்தக் கல்லைத் தீட்டி முடித்த எட்டாம் நாள், இதே வளைவில் பாறை சரிந்து, அவர் ஸ்கூட்டரோடு போய்விட்டார். எல்லோரும் அழுதார்கள். அவள் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

உச்சி வெயில். டர்பன்டைன் வாடையும் சூடேறிய கல்லின் வாடையும் கலந்து தொண்டையில் ஒட்டின. சாலைக்கு மேலே செங்குத்தாக நின்ற பாறைச் சரிவிலிருந்து எப்போதும் கேட்கும் சில்வண்டுச் சத்தம் இன்று எந்த நேரத்தில் நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாமே என்று, கல்லை முதல் தடவையாகப் படித்தாள்.

ஆம், முதல் தடவை. படித்துக்கொண்டே தீட்டினால் கண் முன்னால் ஓடும், கை பின்னால் தடுமாறும். அதனால் கடைசி வரியில் தொடங்கி மேல்நோக்கி வருவாள். முழங்கால் ஒத்துழைக்கும் காலை நேரத்திலேயே தரையில் உட்கார்ந்து அடிவரிகளை முடித்துவிடலாம் என்பது கூடுதல் வசதி. அவளுக்கு எழுத்து என்பது வெறும் பள்ளம்.

நூறு வருடத்துக்கு முன் இந்தச் சாலையை வெட்டும்போது பாறை சரிந்து செத்தவர்களுக்கான கல் அது. குத்தகைக்காரன் ஏட்டில் ஆட்களுக்குப் பெயர் கிடையாது, தொழில் மட்டும்தான். அதையே கல்லிலும் வெட்டியிருந்தார்கள். கல் உடைப்பவர் ஒன்பது பேர். தச்சர் இருவர். தண்ணீர் சுமப்பவள் ஒருத்தி. இப்படியே பதினான்கு வரி என்று சாலைத்துறை அலுவலகம் கொடுத்த நோட்டு சொன்னது.

கல்லில் பதினாறு இருந்தது.

பதினைந்தாவது: கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவர்.

அவள் கணவர் முப்பது வருடம் ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக் கடிகாரம் பழுதுபார்த்தவர். மற்ற வரிகளைப் போலவே பழைய உளி வெட்டு, ஓரத்தில் பாசி. போன வருடக் கறுப்பு அடியில் தெரிந்தது. அவளே தீட்டியது. அவர் உயிரோடு இருந்தபோது.

பதினாறாவது: கண் சோதிப்பவள் ஒருத்தி.

இன்று காலையில் முதன்முதலாகத் தீட்டிய வரி. நன்றாகக் காய்ந்திருந்தது.

போனை எடுத்தாள். மணி போனது.

“வராத. இறங்கிடு.”

“அம்மா? சரியா கேக்கல. நாலாவது வளைவு தாண்டியாச்சு...”

அவ்வளவுதான். திரும்ப அடித்தால் இணைப்பு இல்லை.

டர்பன்டைனை ஊற்றித் துடைத்தாள். கறுப்பு போனது, பள்ளம் போகவில்லை. உடைந்த கல்லை ஒட்டவைக்கும் பட்டி பையில் இருந்தது. அதைக் குழைத்து வரி முழுக்க அடைத்து, தகட்டால் வழித்துச் சமமாக்கினாள். பதறவில்லை. ஏதோ ஜன்னலுக்குச் சட்டம் அடைக்கிற மாதிரி செய்தாள். ஆனால் வெறும் இடம் போதுமா? கல் ஒரு ஆளைக் கேட்கிறது. கொடுத்துவிடலாம். தனக்குள் என்ன மிச்சம் இருக்கிறது, எடுத்துக்கொள்ளட்டும்.

டின்னைச் சுரண்டினாள். ஈரப் பட்டியின் மேல், தன் கையாலேயே எழுதினாள்.

எழுத்து தீட்டுபவள் ஒருத்தி.

மேலே எதுவோ நறநறத்து நின்றது. சரிவின் அடியில் போய் முதுகைப் பாறையில் சாய்த்து நின்றுகொண்டாள். வரட்டும்.

பஸ்தான் வந்தது. மகளை இறக்கிவிட்டு உடனே கிளம்பிப் போய்விட்டது.

“என்னம்மா, முகம் இப்படி வெளிறிக் கெடக்கு?” கையிலிருந்த டின்னை மகள் திறந்து கீழே வைத்தாள்.

“நீ போ. நடந்தாவது போ. இங்க நிக்காத.”

“அப்பா நெனப்பு வந்துடுச்சா?” மகள் அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்தாள். “கையெல்லாம் பட்டி காஞ்சு வெறச்சுக் கெடக்கே. இதை வெச்சுக்கிட்டு எப்படித் தீட்டுவ? நீ ஓரமா உக்காரு. தலைப்ப நான் போடறேன்.”

அம்மாவின் விரல்களிலிருந்து தூரிகையை உருவிக்கொண்டு, கல்லின் முன் முக்காலியில் உட்கார்ந்தாள். கறுப்பில் தோய்த்தாள். முதல் எழுத்தின் பள்ளத்தில் இறக்கினாள். அழகாக இறங்கியது.

அம்மாவின் கண் கடைசி வரிக்குப் போனது.

எழுத்து தீட்டுபவள்.

ஒருத்தி.

ஒரு வருடமாக மரத்துக் கிடந்த நெஞ்சுக்குள் ஏதோ அசைந்தது. பயம். முழுசாக, ஒரே மூச்சில் வந்தது. தூரிகையைப் பிடுங்கப் பாய்ந்தாள்.

“இரும்மா, கலைச்சிடாத,” என்று சிரித்தபடி மகள் கையை எட்டத் தள்ளிக்கொண்டாள்.

திறந்திருந்த டின்னுக்குள் மேலிருந்து ஒரு சிறு கல் விழுந்தது.

இன்னொன்று.

மகள் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டாவது எழுத்தைத் தொடங்கியிருந்தாள்.