சத்யன் இல்லாத இரண்டு சுற்று

வாசிப்பு நின்றுபோனதை அரங்கில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை.

திலீபன் கிதார் கம்பிகளிலிருந்து கையை எடுத்துவிட்டு நின்றார். பக்கத்தில் பேஸ் கிதாரோடு கஸ்தூரியும் அசையாமல் நின்றாள். பின்னால் புது டிரம்மர் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தான். மேடையில் முணுக்கென்ற சத்தம்கூட இல்லை. கீழே ஆயிரத்துக்கும் மேற்பட்ட தலைகள் ஆடிக்கொண்டே இருந்தன. அதுவும் ஆளுக்கொரு தாளத்தில்.

'ஏழரை' என்ற அந்த மெட்டல் குழு சென்னையில் பிறந்து முப்பத்தைந்து வருடமாகிறது. ஏழரை அடித் தாளத்தில் வாசித்தே பேர் வாங்கியவர்கள். ரசிகர்கள் தொடையில் விரல் தட்டி எண்ணுவார்கள். அந்தக் கடைசி அரை அடியில் புதுசாக வந்தவன் தடுமாறி அசடு வழிவான். பழைய ஆட்களின் தலை மட்டும் ஒன்றாகக் கீழே இறங்கும். அந்த ஒரு காட்சிக்காகவே திலீபன் மேடை ஏறிய காலம் உண்டு.

செவிப்பட்டை வந்து அதையெல்லாம் துடைத்துவிட்டது. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய பட்டை அது. வெளியே எழும் எந்த ஒலியும் அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். அதிலிருக்கும் உவப்புமானி, கேட்பவரின் நரம்பைப் படித்து, எந்த இடத்தில் அலுக்கிறது, எந்த இடத்தில் குளிர்கிறது என்று கண்டுபிடித்து, அதற்கேற்ப ஒலியை மாற்றிக் கொடுக்கும். வேண்டாததை வெட்டும், வேண்டியதைச் சேர்க்கும். முதலில் தெருச் சத்தத்துக்காகத்தான் ஒட்டிக்கொண்டார்கள். இப்போது தூங்கும்போதும் யாரும் கழற்றுவதில்லை. ஏழரைக் குழுவினர் மட்டும் அதை ஒட்டிக்கொள்ளவே இல்லை.

ஏழரையின் புது ஆல்பம் முழுக்க சத்யனுக்காகச் செய்தது. தொடக்கம் முதல் டிரம்ஸ் வாசித்தவர். போன வருடம் புற்றுநோயில் போய்விட்டார். ஆறாவது பாட்டில், அவர் வாசித்திருக்க வேண்டிய இரண்டு தாளச் சுற்றை அப்படியே வெறுமையாக விட்டிருந்தார்கள். மேடையில் எல்லோரும் கை எடுத்து நின்றதும் அந்த இடத்தில்தான். சுடுகாட்டில் திலீபனுக்கு அழுகை வரவில்லை. அந்த இரண்டு சுற்றுதான் அவர் அழுத அழுகை. அதை ஒரே ஒருவராவது கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

முன்பெல்லாம் ஏழரை ஆல்பம் வந்தால் ரசிகர் தளத்தில் வெட்டு குத்து நடக்கும். முதல் மூன்றைத் தாண்டி எதுவும் உருப்படி இல்லை என்று ஒரு கட்சி, உங்களுக்குக் காது வளரவில்லை என்று இன்னொரு கட்சி. இந்த முறை சண்டையே இல்லை. அத்தனை பேரும் கொண்டாடினார்கள். ஒருவர் உறுமல் குரலைப் புகழ்ந்திருந்தார். ஆல்பத்தில் யாரும் உறுமவே இல்லை. இன்னொருவர் புல்லாங்குழலில் உருகிப்போயிருந்தார். மூன்றாமவர், ஆறாவது பாட்டில் சத்யன் வாசித்ததுதான் அவர் வாழ்நாளின் உச்சம் என்று எழுதியிருந்தார். அதைப் படித்தபிறகு திலீபனுக்குச் சோறு இறங்கவில்லை.

"விடுப்பா," என்றாள் கஸ்தூரி, நிகழ்ச்சி முடிந்து வெளியே வரும்போது. "எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. அதுல உனக்கு என்ன வயித்தெரிச்சல்?"

"நாம வாசிச்சத ஒருத்தனும் கேக்கல, கஸ்தூரி."

"எனக்குக் கேட்டுச்சு. உனக்குக் கேட்டுச்சு. சத்யனுக்குக் கேட்டிருந்தா போதாதா?"

போதவில்லை. மறுநாள் தளத்தில் ஒரே ஒரு வசவு வந்து விழுந்தது. தூத்துக்குடியிலிருந்து ஜெர்சன் பர்னாந்து என்பவர் எழுதியிருந்தார்: 'ஆறாவது பாட்டுல டிரம்ஸ் பாதியில நின்னுபோச்சு. செத்த வீடு மாரி இருக்கு. சத்யன் போனதோட நீங்களும் கடையச் சாத்தியிருக்கலாம்.'

திலீபன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். வாழ்க்கையில் எந்தப் பாராட்டும் அவருக்கு இவ்வளவு இனித்ததில்லை. முகவரியை விசாரித்துக்கொண்டு அன்றைக்கே ரயில் ஏறிவிட்டார்.

ஜெர்சன் துறைமுகத்தில் கப்பல் இன்ஜின் பழுது பார்ப்பவர். ஐம்பதைத் தாண்டிய ஆள், கையெல்லாம் கிரீஸ். வீட்டுச் சுவரில் ஏழரையின் பழைய சுவரொட்டிகள். நடுவில் ஒரு கிதார் தொங்கியது. வாசலில் நின்ற திலீபனைப் பார்த்ததும் அவருக்கு வாய் குழறியது.

"அண்ணாச்சி! நீங்களா? உள்ள வாங்க, உள்ள வாங்க."

"நீங்க எழுதினதப் படிச்சேன்."

வெட்கப்படுவார் என்று நினைத்தார் திலீபன். மனிதருக்கு முகம் மலர்ந்தது. "படிச்சியளா? இன்னும் கெடக்கு, சொல்லுதேன் கேளுங்க."

"டிரம்ஸ் நின்ன இடம் உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேக்காம? வெறும் காத்தால்லா இருந்துச்சு. நெஞ்ச அடைச்சிட்டு."

திலீபனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கிரீஸ் கையைப் பிடித்துக்கொண்டார். "அது சத்யனுக்காக விட்ட இடங்க."

"அது சரி அண்ணாச்சி. அதுக்குப் பொறவு எதுக்கு அந்தச் சின்னப் புள்ளையள வச்சு லாலலா பாட வச்சிய? சோப்பு வெளம்பரம் மாரி?"

"எந்தப் பிள்ளைங்க?"

ஜெர்சன் பாடியே காட்டினார். சப்பென்ற நாலு அடியில் ஒரு மெட்டு. ஏழரையில் யாரும் அப்படி ஒன்றைக் கனவில்கூடப் போட்டதில்லை. திலீபன் பிடித்திருந்த கையை மெல்ல விட்டார்.

"எங்க ஆல்பத்துல உங்களுக்கு எது பிடிக்கும்?"

"மூணாவதோட சரி. அதுக்குப் பொறவு ஒண்ணும் வெளங்கல. ஒவ்வொண்ணும் முந்துனத விட மோசம்." ஜெர்சனின் குரலில் குதூகலம் ஏறிக்கொண்டே போனது. "ஆனா விடுவனா? வந்த அன்னைக்கே கேட்டுருவேன். கேட்டுட்டு பட்டறையில பயலுவகிட்ட ஒரு வாரம் கிழி கிழின்னு கிழிப்பேன். அந்த ஒரு வாரந்தான் அண்ணாச்சி எனக்குக் கிறிஸ்மஸு."

உவப்புமானி தப்புச் செய்யவில்லை. இந்த மனிதருக்கு எது இனிக்கும் என்று சரியாக அளந்து, ஏழரை செய்ததைவிட மோசமான ஒரு ஆல்பத்தை அவருக்கென்றே செய்து கொடுத்திருந்தது.

திலீபன் எழுந்து சுவரிலிருந்த கிதாரை எடுத்தார். "அந்தப் பட்டையைக் கழட்டுங்க. ஆறாவது பாட்ட நான் வாசிக்கிறேன். தயவுசெஞ்சு."

ஜெர்சன் தயங்கினார், பிறகு கழற்றினார். காதுக்குப் பின்னால் வெயில் படாத தோல் வெளிறிக் கிடந்தது. திலீபன் வாசித்தார். ஜெர்சன் கண்ணை மூடிக் கேட்டார். ஒரு கணம் அவர் உதடு நடுங்கக்கூடச் செய்தது. வெறுமையான இரண்டு சுற்று வந்தது. திலீபன் கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

அறைக்குள் துறைமுகம் நுழைந்தது. கப்பலின் ஊதல், பின்னோக்கி நகரும் லாரியின் கத்தல், பக்கத்து வீட்டில் யாரோ விடாமல் இருமும் சத்தம். பல வருடமாக அந்தக் காதுக்கு வராதவை எல்லாம் சேர்ந்து வந்தன. ஜெர்சன் பயந்துபோய்க் கண்ணைத் திறந்தார்.

"தப்பா நெனச்சுக்கிடாதிய," என்றபடி அவசரமாகப் பட்டையைக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டார்.

திலீபன் கம்பியை இன்னும் தொடவில்லை. ஜெர்சனின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது, பிறகு சந்தோஷத்தில் விரிந்தது.

"பாத்தியளா, பாத்தியளா! வந்துட்டுவல்லா அந்த லாலலா புள்ளைய! நேருல வந்து வாசிச்சும் இப்படிக் கெடுக்கியளே அண்ணாச்சி!"