ஜோடி மாற்றிய கோலாட்டம்

பாடாலூர்ப் பள்ளியில் கோலாட்டம் என்றால் வேம்புவும் கமலவேணியும்தான். கண்ணை மூடிக்கொண்டுகூட ஆடுவார்கள்.

சுதந்திர தின விழாவில் ஆறாம் வகுப்புப் பெண்கள் ஆட வேண்டும். முதல் நாள் பயிற்சியில் எல்லாரும் அவரவர் சிநேகிதியின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். இருவருமே பள்ளிக்குப் புதுசு. புஷ்பவல்லியின் அப்பா கரண்ட் ஆபீசுக்கு மாற்றலாகி உடையார்பாளையத்திலிருந்து வந்திருந்தார். ஆண்டாயியின் அப்பாவும் அம்மாவும் திருச்சி ரோட்டில் ஜல்லி கொட்டும் வேலைக்கு வந்தவர்கள்.

“நீங்க ரெண்டு பேரும் ஒரு ஜோடி” என்றார் சாந்தா டீச்சர்.

பாட்டு ஆரம்பித்தது. ஒருத்தி கோலை மேலே தூக்கினாள். மற்றவள் கீழே குனிந்தாள். திடீரென்று ஆண்டாயியின் கோல் பறந்துபோய் டீச்சரின் டீ டம்ளரைத் தட்டிவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். ஆண்டாயியின் முகம் சுருங்கிவிட்டது.

மறுநாளும் அதே கதைதான்.

“விழா கிட்ட வந்துடுச்சும்மா. நாளைக்கும் சரியா வரலேன்னா, நீங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து பாருங்க” என்றார் டீச்சர்.

அன்று குழாயடியில் ஆண்டாயி புஷ்பவல்லியிடம் சொல்லிக்கொண்டிருந்தது வேம்புவின் காதில் விழுந்தது.

“எந்த ஊருக்குப் போனாலும் எனக்கு இப்படித்தான். ஒண்ணைக் கத்துக்கறதுக்குள்ள அடுத்த ஊருக்குப் போயிடுவோம்.”

வேம்புவுக்குத் தண்ணீர் குடிக்கவே தோன்றவில்லை. நேராகக் கமலவேணியிடம் போனாள்.

“வேணி, நாம பிரிஞ்சிடலாமா?”

“ஏன்டி? நான் என்ன பண்ணேன்?”

“நீ ஒண்ணும் பண்ணல. ஆடத் தெரியாத ரெண்டு பேரை எதிரெதிரே நிக்க வெச்சா, யாரைப் பார்த்து யாரு ஆடுவாங்க? நான் ஆண்டாயியோட நிக்கறேன். நீ புஷ்பவல்லியோட நில்லு.”

“நம்ம ஆட்டம் கெட்டுப் போயிடும்டி!”

“கொஞ்சம் கெடும். ஆனா அவங்க உட்கார வேணாம்ல?”

கமலவேணி வெடுக்கென்று திரும்பிப் போய்விட்டாள். ஆனால் மறுநாள், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, புஷ்பவல்லியின் எதிரே போய் நின்றாள்.

“கோலைப் பார்க்காத, என் மூஞ்சியைப் பாரு” என்றாள் வேம்பு ஆண்டாயியிடம். கோலை மேலே தட்டும்போது கண்ணை மேலே உருட்டினாள். கீழே தட்டும்போது கீழே உருட்டினாள். ஆண்டாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்தில் வேம்புவின் விரலில் ‘டக்’கென்று ஓர் அடி!

“ஐயோ, வலிக்குதா?”

“வலிக்குது. நீ நிறுத்தாத! விட்டதை விட்டுட்டு அடுத்த அடியில சேர்ந்துக்க.”

ஆண்டாயி சேர்ந்துகொண்டாள். அதற்கடுத்த அடியும் சரியாக விழுந்தது. பக்கத்தில் புஷ்பவல்லியின் கோலும் தாளம் தப்பாமல் ஒலித்தது. டீச்சர் பாட்டை நிறுத்தினார்.

“யாரு ஜோடியை மாத்தினது?”

வேம்பு வாயைத் திறப்பதற்குள், “நாங்கதான் டீச்சர்” என்றாள் கமலவேணி.

“நல்லாத்தான் இருக்கு. இப்படியே ஆடுங்க!”

விழா நன்றாக முடிந்தது. மிட்டாய் வாங்கிக்கொண்டு வேம்பு ஓடிவந்தாள்.

“வேணி, ஆண்டு விழாவுக்கு நாம பழையபடி ஜோடி சேர்ந்துக்கலாமா?”

“போடி! புஷ்பா என் ஜோடி. நான் தர மாட்டேன்” என்றாள் கமலவேணி.

வேம்பு திரும்பிப் பார்த்தாள். இரண்டு கோல்களையும் உயரத் தூக்கியபடி, ஆண்டாயி அவளுக்காகத் தயாராக நின்றிருந்தாள்.