இருவர் கொடுத்த ரத்தம்

"ஊரைக் கூட்டி நம்ம வீட்டு நோயைச் சொல்லப் போறானா? நல்லா இருக்குடி நீ பிள்ளை வளத்த லட்சணம்!"

விடிந்ததும் விடியாததுமாக அம்மாவிடம் அவள் நாத்தனார் ஆரம்பித்துவிட்டாள். வாய் திட்டினாலும், கை தம்பி மகனுக்காக ஃப்ளாஸ்கில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தது.

கல்லூரியில் படிக்கும் அந்தப் பிள்ளைக்குப் பிறவியிலேயே அரிவாள் செல் நோய். வலி வந்து அவன் துடிக்கும்போதெல்லாம் மடியில் போட்டு ஒத்தடம் கொடுப்பவள் அத்தையான இந்த நாத்தனார்தான். ஆனால், "எங்க வம்சத்துலயே இல்லாத சீக்கு... இவ ரத்தத்தோட வந்தது!" என்று அவள் குத்தாத நாளில்லை. அம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. தையல் மெஷின் மேல் இன்னும் கொஞ்சம் குனிந்துகொள்வாள், அவ்வளவுதான்.

"அத்தை, நீங்க முன்னால உக்காந்தாத்தான் எனக்குப் பேச்சு வரும்" என்று கன்னத்தைக் கிள்ளினான் பிள்ளை. போதாதா? புதுப் புடவையோடு முதலில் வாசலுக்கு வந்து நின்றவள் நாத்தனார்தான்! பஸ் ஓட்டும் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை.

அரிவாள் செல் நோய்க்கான ரத்தப் பரிசோதனை முகாம். கல்லூரி அரங்கு நிறைந்திருந்தது.

"என் ரத்த அணு அரிவாள் மாதிரி வளைஞ்சு வழியை அடைச்சுக்கும். அப்ப உயிர் போற வலி வரும். பரீட்சை அன்னிக்கு மட்டும் வலிக்காமலே வலிக்கும்!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். "இது தொட்டா ஒட்டாது. அம்மாகிட்ட ஒரு பங்கு, அப்பாகிட்ட ஒரு பங்கு... ரெண்டும் சேர்ந்தாத்தான் இந்த நோய். ஒரு பங்கு மட்டும் இருக்கறவங்க நல்லாத்தான் இருப்பாங்க. இருக்குன்னே தெரியாது. அதுக்குத்தான் இந்த டெஸ்ட். யாரையும் ஒதுக்கறதுக்கில்ல, தெரிஞ்சுக்கிட்டு முடிவெடுக்கறதுக்கு."

நாத்தனார் பக்கத்திலிருந்த அம்மாவிடம் மெல்லத் திரும்பினாள். முகம் வெளுத்திருந்தது.

"ஏன்டி... அப்ப என் தம்பிகிட்டயும்..."

"ஆமா அண்ணி. இவன் குழந்தையா இருக்கும்போதே டாக்டர் சொல்லிட்டார்."

"தெரிஞ்சுமா வாயத் தொறக்கல? நான் பேசாத பேச்சா!"

"உங்க அப்பா அம்மா போனப்புறம், கல்யாணமே வேணாம்னு நீங்க வளத்த தம்பி... அவர் மேல ஒரு குறைன்னு கேட்டா நீங்க தாங்க மாட்டீங்க அண்ணி. அவர் சொல்றேன்னுதான் சொன்னார். நான்தான் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன்."

"அடிப் பாவி!" நாத்தனார் அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "என்னைத் தாங்கறதுக்காக நீ வதைபட்டியா... என்னை மன்னிச்சிடுடி, என் தாயே!"

இருவரும் தேம்பினார்கள். மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்தான் பிள்ளை. "அவ்வளவு மோசமாவா பேசினேன்?"

"போடா வாயாடி!" கண்ணைத் துடைத்துக்கொண்டு நாத்தனார் எழுந்தாள். ரத்தப் பரிசோதனைக்காக நின்ற மாணவர் வரிசைக்குள் புகுந்து கையை நீட்டினாள்.

"அம்மா, இது ஸ்டூடண்ட்ஸுக்கு..." என்று தயங்கினாள் நர்ஸ்.

"நானும் இன்னிக்குத்தான் படிச்சேன், எடும்மா. என் தம்பிக்கு இருக்கறது எனக்கும் இருக்கான்னு பாக்கணும். இவளை மட்டும் தனியா விட்டது போதும்!"