நெஞ்சுயரத்துக் கோடு

காலையில் நெவேனா பாறையில் தன் நெஞ்சுயரத்தில் தீட்டிய கோடு இப்போது அவள் தலைக்கு மேல் ஒரு சாண் ஏறியிருந்தது. வெள்ளை, சிவப்பு, வெள்ளை. அவள் போட்டதுதான். பெயிண்ட் வாடைகூட இன்னும் போகவில்லை.

ஸ்தாரா பிளானினா மலைத்தடத்தில் வழிகாட்டும் கோடுகளை வருடாவருடம் அவளும் கணவன் மிலெனும்தான் புதுப்பிப்பார்கள். இந்தச் சரிவில் குந்தியிருக்கும் ஏழு பாறைகளுக்குத் துறவிகள் என்று பெயர். உட்கார்ந்திருப்பவர்களைச் சீண்டாதீர்கள் என்று மலைவிடுதிக்காரர் காலையில்கூட எச்சரித்தார். மிலென் சிரித்துக்கொண்டே தூரிகையை நனைத்தான்.

மதியம் அவனுக்குக் கணுக்கால் பிசகியது. மூடுபனியும் இறங்கியது. பனி இறங்கினால் கோடு போட்ட பாறையில் முதுகைச் சாய்த்து உட்கார், ஆள் வரும்வரை அசையாதே. மலையேறும் சங்கத்தில் முதல் நாளே சொல்லித் தரும் பாடம் இது. நெவேனா அவனை ஏழாவது பாறையில் சாய்த்து உட்காரவைத்துவிட்டு, உதவி கேட்டு விடுதிக்கு ஓடினாள். பனி விலகாமல் ஆளனுப்ப முடியாது என்றார் விடுதிக்காரர்.

"அப்ப நீங்க இங்கேயே உட்காருங்கண்ணே. எனக்கு என் புருஷன் வேணும்."

கயிறும் கம்பளியுமாகத் தனியாகவே ஏறி வந்தவள், முதல் பாறையின் கோட்டை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். பிறகு நடந்தாள். இரண்டாவது பாறையில் கோடு கைக்கே எட்டவில்லை. பல நூறு வருடம் மூடிக் கிடந்த மண்ணைக் கிளறியதுபோல ஈர வாடை அடித்தது. முதுகுக்குப் பின்னால் எங்கோ சரளை மெதுவாக, ஆட்டுக்கல் சுற்றுவதுபோல அரைபட்டது. திரும்பிப் பார்க்காமலே பாறைகளிடம் சொன்னாள்.

"எந்திரிங்க. எவ்வளவு வேணா எந்திரிங்க. நான் போகத்தான் போறேன்."

மூன்று. நான்கு. கோடுகளே தெரியவில்லை. பனிக்கு மேலே போய்விட்டன.

ஏழாவது பாறை மட்டும் இன்னும் குந்தியிருந்தது. அதனடியில் மிலென் இல்லை. அவன் குரல் இருந்தது.

"சாஞ்சுதான் உட்கார்ந்திருந்தேன், நெவேனா. நீ சொன்ன மாதிரியே."

பாறையிலிருந்து முழங்கை வரை ஒரு கை நீட்டிக்கொண்டிருந்தது. சட்டைக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி இல்லை. விரல்கள் அசைந்தன.

"பேசாத. கையைக் கொடு."

பிடித்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. காலை ஊன்றி இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். காலடியில் சரளை அரைபட்டது. பாறை எழத் தொடங்கியது.

"விடு, நெவேனா."

"விடமாட்டேன்."

குதிகால் தரையை விட்டது. பிறகு கால்விரல்கள். அவள் பிடியை இறுக்கினாள்.