அழித்த ஐந்து பதிவுகள்

அசனாவின் கணவன் திரையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். கையிலிருந்த கலியாணப் படத்தில் அவன் நன்றாக விழித்துச் சிரித்துக்கொண்டிருக்க, ஸ்கேன் செய்ததில் மட்டும் இமைகள் இறங்கியிருந்தன. புஸ்பராணி ஸ்கேனர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் ஸ்கேன் செய்தாள். அப்போதும் மூடித்தான் இருந்தது. மெஷினுக்கு விசர் பிடித்துவிட்டது என்று திட்டிவிட்டு அப்படியே சேமித்தாள்.

இரண்டு நாள் கழித்து அசனா மூதூரிலிருந்து வந்து, அந்தப் படத்தைத் திருப்பித் தரும்படி கேட்டாள். கணவன் ஸைனுலாப்தீனை முதல்நாள் காலை யாரோ வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம், பொலிசில் முறைப்பாடு எழுத முகம் தெரிகிற படம் வேண்டுமாம்.

அது 2007ஆம் ஆண்டு. துறைமுகத்தைப் பார்த்த மாடியறையில் பல்கலைக்கழகம் ஓர் எண்ணிம ஆவணக் காப்பகம் நடத்திக்கொண்டிருந்தது. சம்பூரிலும் இலங்கைத்துறையிலும் இருந்து ஓடிவந்த சனம், உரப்பையில் சுற்றிக் காப்பாற்றிய எல்லாவற்றையும் அங்கே கொண்டுவந்தது. காணி உறுதி, கோயில் நோட்டீஸ், பள்ளிக்கூட வரவு இடாப்பு, வள்ளத்து லைசன்ஸ், தாலாட்டுப் பதிந்த கசெற். அறை முழுக்க ஈரக் கடதாசியும் மண்ணெண்ணெயும் பூச்சி உருண்டையும் கலந்து மணக்கும். படத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் முழுப்பெயர், தகப்பன் பெயர், இப்போது தங்கியிருக்கும் விலாசம் எல்லாம் பதிய வேண்டும் என்பது புஸ்பராணி போட்ட சட்டம். சண்டை முடிந்தால் உரியவர் கையில் திருப்பிக் கொடுக்க வேண்டாமா? அந்தச் சட்டத்தில் அவளுக்குப் பெரிய பெருமை.

அடுத்த கிழமை தம்பிராசா என்ற, கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் கசெற் வந்தது. கணினியில் பதிந்து ஹெட்போனில் கேட்டபோது அவர் குரல் கணீரென்று எழுந்து, நடுவரியில் நின்று, அதற்குப் பிறகு மூச்சு மட்டும் கேட்டது. யாரோ அவருடைய வாயைப் பொத்திக்கொண்டிருப்பதுபோல் அந்த மூச்சு இழுத்து இழுத்துக் கேட்டது. அதே கசெற்றைப் பழைய ரேடியோவில் போட்டால் பாட்டு முழுதாய் ஓடியது. மூன்றாம் நாள் அண்ணாவியாரும் இல்லை.

புஸ்பராணி பொறுப்பாளர் அருளம்பலத்தின் அறைக்குள் கேட்காமலே நுழைந்தாள். எங்கள் பதிவுகளை வெளியில் பார்க்கிறது யார் என்று கேட்டாள். அவர் தேத்தண்ணிக் கோப்பையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“வெள்ளிக்கிழமைகளில அஞ்சு மணிக்கு ஆமிக் காம்பில இருந்து வாற அவையளுக்கு ஒரு சீடி அடிச்சுக் குடுக்கிறனான். கேட்டால் மாட்டனெண்டு சொல்ல ஏலாது, பிள்ளை. இந்த அறை திறந்திருக்கிறதே அதாலதான்.”

“விலாசம் எல்லாம் போட்டது நான். சனத்துக்கெண்டு போட்டனான்.”

“வடிவாய்த்தான் போட்டிருக்கிறீர்,” என்றார் அவர்.

அந்தக் கோப்பையைத் தூக்கி அவர் முகத்தில் ஊற்ற வேண்டும்போல் இருந்தது. அறுவான், ஊர்ச் சனத்தின் விலாசத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு ஆறுதலாகத் தேத்தண்ணி குடிக்கிறான். கொடுத்தது அவன், எழுதி வைத்தது நான் என்ற நினைப்பு வந்ததும் கோபம் நெஞ்சுக்குள் திரும்பிக் குத்தியது. அன்று வெள்ளிக்கிழமை. ஐந்து மணிக்குச் சீடி போகும்.

அப்போதுதான் தம்பியின் ஞாபகம் வந்தது. அன்புவழிபுரத்தில் இருக்கும் குணரத்தினத்தின் சாமான்களை அவளே இந்தக் கிழமைதான் அள்ளிக்கொண்டு வந்து பதிந்திருந்தாள், இன்னும் எந்தச் சீடியிலும் போகவில்லை. மொத்தம் ஐந்து.

ஓடிவந்து உதைபந்தாட்டக் குழுப் படத்தைத் திறந்தாள். பதினொரு பொடியன்கள், தோளில் தோள் போட்டபடி. பத்துப் பேர் விழித்திருந்தார்கள். பின்வரிசை நடுவில் நின்ற குணரத்தினத்தின் இமைகள் பாதி இறங்கியிருந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கவே இன்னும் கொஞ்சம் இறங்கின.

நேரம் நாலு ஐம்பது. பக்கத்து அறையில் சீடி சுற்றத் தொடங்கும் சத்தம் கேட்டது.

படத்தை அழித்தாள். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தை அழித்தாள். மின்விசிறி நின்றது. கடல் சத்தமும் இல்லை. பள்ளிக்கூட இடாப்பில் அவன் பெயர் உள்ள பக்கம். அழித்தாள். கலியாண அல்பம். அழித்தாள். கடைசியாக, ஏழு வயதில் அவன் தேவாரம் பாடிய கசெற். “அக்கா” என்று கூப்பிட்டுவிட்டுப் பாடத் தொடங்குவான். அதையும் அழித்தாள். இனி வாங்கோடா, ஆரைத் தேடுவியள் என்று பல்லைக் கடித்தாள். சீடியில் அவன் இல்லை. தம்பி தப்பிவிட்டான்.

மின்விசிறி மறுபடி சுற்றியது. அவள் தம்பி மனைவி யோகமலருக்குப் போன் எடுத்தாள்.

“அவன் வந்திட்டானோ?”

“ஆர்?”

“குணரத்தினம்.”

“எந்தக் குணரத்தினம்?” யோகமலரின் குரலில் பயமும் இல்லை, பகிடியும் இல்லை. “நான் தனியத்தானே இருக்கிறனான். ஆரைக் கேக்கிறியள்?”

போனை வைத்தாள். புஸ்பராணி மேசையில் கிடந்த குழுப் படத்தை எடுத்தாள். ஸ்கேன் அல்ல. கடதாசியில் கழுவிய பழைய படம்.

பத்துப் பொடியன்கள். பின்வரிசை நடுவில் வெறும் சுவர். இரண்டு பக்கத்துப் பொடியன்களின் கைகளும் அந்த வெறுமைக்குக் குறுக்கே நீண்டு, விரல்கள் மடங்கி, அங்கே இல்லாத ஒரு தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன.