ஐந்தாவது பாட்டு

டைட்டன் நகரத்தில் யாரும் பாட்டைத் தேடிப் போவதில்லை. பாட்டுதான் காதைத் தேடி வரும். புது ஆல்பம் வெளியாகும் காலையில், பல் துலக்கிக்கொண்டிருப்பவருக்கும் பிரசவ வலியில் துடிப்பவருக்கும் அது ஒரே நேரத்தில் காதில் பதித்த செவிச்சில்லில் ஒலிக்கும். கேட்டவர் மகிழ்ந்தாரா, முகம் சுளித்தாரா என்பதைச் சில்லே ரசனை வாரியத்துக்குச் சொல்லிவிடும். சுளிப்பு எல்லை மீறினால், பாட்டை உருவாக்கியவரின் மூளையிலிருந்து இசைக்கணுவைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். ஆள் சாகமாட்டார். ஆனால் அதன்பின் தாலாட்டும் தண்ணீர்க் குழாய்ச் சத்தமும் அவருக்கு ஒன்றுதான்.

அப்படிச் சுரண்டப்பட்ட பாடகி ஒருத்தி இப்போது மீத்தேன் கிடங்கில் வேலை பார்க்கிறாள். அவள் எதிரே வந்தால் பழைய ரசிகர்கள் தெருவின் மறுபக்கம் போய்விடுகிறார்கள்.

இது தெரிந்தும் தயாபரனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. அவனுடைய 'ஊமத்தம்பூ' இரண்டு பேர் கொண்ட ராக் குழு. கேட்டால் தலை கிறுகிறுக்கும், சுவர் உருகுகிற மாதிரி இருக்கும். அதற்கென்றே கூட்டம் இருந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். இந்த முறை வயலின், செல்லோ, கொம்பு என்று ஒரு பெரிய வாத்தியப் பட்டாளத்தைக் கூட்டிவந்து கிட்டாரின் தலையில் ஏற்றினான். சில பாட்டுகள் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டன. ஐந்தாவது பாட்டு மட்டும் ரசத்தில் பாயசத்தைக் கொட்டிய கதையாயிற்று.

"அஞ்சாவதத் தூக்கிரு தயா. சகிக்கல," என்றாள் டிரம்ஸ் வாசிக்கும் நப்பின்னை.

"எனக்கும் சகிக்கலதான். ஆனா அது விழுந்தாத்தான் ஆறாவது எந்திரிக்கும். உத்துக் கேட்டாப் புரியும்."

"உத்துக் கேக்க ஆள் வேணுமே!"

வெளியீட்டன்று இருவரையும் வாரியக் கூடத்தில் உட்காரவைத்து வெளியிலிருந்து பூட்டினார்கள். திரையில் நகரத்தின் மகிழ்ச்சிக் கோடு முதல் பாட்டிலேயே உச்சிக்கு ஏறி, அங்கேயே படுத்துக்கொண்டது. ஐந்தாவது வந்தபோது தயாபரன் கண்களை இறுக மூடிக்கொண்டான். கோடு அசையவே இல்லை.

ஏழாவது தொடங்கியதும் கதவு திறந்தது. வாரிய அதிகாரி சௌதாமினி வந்தார்.

"வாழ்த்துகள் தம்பி. ஊரோட ஒத்துப்போகாம ஒரே ஒரு செவிதான் இடிக்குது. அஞ்சாவதுல சுளிச்சு, ஆறாவதுல உருகியிருக்கு."

"மத்தவங்க யாரும் சுளிக்கலையா?"

"மத்தவங்க கேட்டாத்தானே? 'பக்கத்து வீட்டுக்காரர் சொல்றதையே நீயும் சொல்லு'ன்னு சில்லுகிட்ட சொல்லி வச்சிருக்காங்க. மொத ஆளு அருமைன்னாரு, ஊரே அருமைன்னிருச்சு. அந்தப் பாடகிக்கு மொத ஆளு சுளிச்சுட்டாரு, அவ்வளவுதான்."

நப்பின்னை தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். தயாபரனுக்கு ஒரு சந்தோஷம் வந்தது. எங்கோ ஒருவர், அவன் ஏங்கியபடியே, விழுந்த இடத்தில் விழுந்து எழுந்த இடத்தில் எழுந்து கேட்டிருக்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"யாருங்க அது?"

"தீர்ப்புக்கு முன்னால சொல்லக் கூடாது. ஒரு செவி மாறினாலும் தீர்ப்பு வேணும், அதப் பாட்டு போட்டவர்தான் சொல்லணும், அதாவது நீங்க. பாட்டு மோசம்னா ஆல்பம் தப்பு, உங்க கணுவ எடுக்கணும். பாட்டு அருமைன்னா அந்தச் செவி பழுது, அவரோட கணுவ எடுக்கணும். எது?"

"யோசிக்காத தயா," என்றாள் நப்பின்னை மெதுவாக.

அவன் மீத்தேன் கிடங்கை நினைத்தான்.

"பாட்டு அருமை. செவிதான் பழுது."

சௌதாமினி திரையைத் தொட்டார். வந்த பெயரைப் படித்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களோடதுதான் தம்பி."

ஊழியர்கள் உள்ளே வந்து அவன் தோள்களைப் பிடித்தார்கள்.

"அப்ப வேற யாருமே கேக்கலையா?" என்றான் அவன்.

வெளியே நகரம் முழுக்க 'அருமை, அருமை' என்று கைதட்டிக்கொண்டிருந்தது. ஆல்பம் இன்னும் முடியவில்லை.