கொழுத்தவை பிழைக்கும்

முறத்தில் கிடந்த பதினொரு கரப்பான்களும் ஆண்கள்.

அவள் குப்பைக்கூடையருகே நின்று மறுபடி பார்த்தாள். பிரித்தறியக் கற்றுக்கொடுத்தவன் கணவன்தான். வீடு வீடாகப் பூச்சிமருந்து அடிப்பது அவன் தொழில். ஆண் ஒல்லி, உடம்பு பின்னால் போகப்போகக் குறுகும். பெண் அகலம், வயிறு உருண்டிருக்கும், சில சமயம் பின்னால் முட்டைப்பை ஒரு பயறுபோல ஒட்டியிருக்கும். மூன்று நாளாக இந்த வீட்டிலும் மருந்து அடித்திருக்கிறான். மூன்று நாளும் செத்தவை ஆண்கள் மட்டும். அப்படியானால் பெண்கள் எங்கே?

கடைகள் மூடிய பிறகுதான் அவனுக்கு வேலை என்பதால் பகலில் தூங்குவான். அதற்காக ஜன்னல்களில் கறுப்புத்தாள் ஒட்டியிருந்தான். நடுப்பகலிலும் வீடு இருண்டு கிடந்தது. மண்ணெண்ணெயில் அழுகிய பழத்தைப் பிசைந்ததுபோல ஒரு நாற்றம் துணிமணி, தலையணை, அவள் தலைமுடி எல்லாவற்றிலும் ஏறியிருந்தது. படுக்கையறையில் அவன் வறட்டு இருமல். பின்கட்டு அறையிலிருந்து, காய்ந்த இலைகளை யாரோ விரலால் அளைவதுபோல ஓயாத சரசரப்பு.

அது ஜாடிகளின் சத்தம். பன்னிரண்டு கண்ணாடி ஜாடிகள். உள்ளிருக்கும் கரப்பான்கள் ஏறி வராதபடி விளிம்பில் வாஸ்லின் களிம்பு தடவியிருக்கும். கல்யாணமான புதிதில், கடிகாரத்தைத் திறந்து சக்கரம் காட்டும் பையனைப்போல ஆசையாக அவளுக்கு விளக்கியிருக்கிறான். ஒவ்வொரு கரப்பானின் முதுகிலும் ஒரு சொட்டு மருந்து. ஒரு மணி நேரம் காத்திருப்பான். பிறகு நகத்தால் ஜாடியை மூன்று முறை தட்டுவான். அசையாதவை சோப்புத்தண்ணீர் வாளிக்குப் போகும். அசைந்தவற்றுக்கு மறுநாள் இரண்டு சொட்டு.

"மருந்து நரம்பு வரைக்கும் போனாத்தான் சாவு. உடம்புல கொழுப்பு இருந்தா, வந்த விருந்தாளிய வாசல்லயே உக்கார வெச்சுப் பேசுற மாதிரி, அது மருந்தை உள்ள விடாம புடிச்சு வெச்சுக்கும். பொண்ணுங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்தி."

"எனக்குமா?" என்று அன்று சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தான். "உனக்கு இன்னும் வேணும்" என்றான்.

இப்போது ஏழாம் மாதம். எதை எடுத்தாலும் வெண்ணெயை அப்பித் தட்டில் வைக்கிறான். அவள் கடைசி வாய் விழுங்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறான். அவனோ நாளுக்கு நாள் ஓலைபோல இளைக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவளை எடை மேடையில் ஏற்றுகிறான். அக்காவிடம் போனில் சொன்னால், இப்படித் தாங்குகிற புருஷன் யாருக்கு வாய்க்கும் என்கிறாள். "அதுவும் பொண்ணுதான் வேணும்னு தவம் கெடக்குறானாம். உனக்கு மச்சம்டி."

உண்மைதான். ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் ஆணா பெண்ணா என்று மூன்று முறை கேட்டான். அதைச் சொல்லச் சட்டத்தில் இடமில்லை என்றதும் அவன் முகத்தில் வந்தது ஏக்கம் அல்ல. கணக்கு இடிக்கிறவனின் முகம். அதைத்தான் அவளால் மறக்க முடியவில்லை.

இருமல் நின்றிருந்தது. தூங்கிவிட்டான் என்று நினைத்துப் பின்கட்டு அறைக்குள் போனாள்.

பதினொரு ஜாடிகள் காலி. பன்னிரண்டாவதில் மட்டும் பெண்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, கொழுத்து, பளபளத்து. நடுவில் ஒரு வெண்ணெய்க் கட்டி. அவள் காலையில் தின்ற அதே வெண்ணெய். பக்கத்தில் அவன் நோட்டு. ஜாடி, பாலினம், எடை, மருந்து, தேதி, நேரம் என்று கட்டம்கட்டமாக எழுதியிருந்தான். கடைசிப் பக்கத்தில் ஜாடி எண் இல்லை. எடை மட்டும். அறுபத்தொன்று. அறுபத்து மூன்று. அறுபத்தேழு.

போன ஞாயிறு அவளுக்கு அறுபத்தேழு.

பாலினம்: பெண். அதன் கீழ், சிறிய எழுத்தில்: உள்ளே? மருந்து: நிரப்பியிருந்தது. தேதி: இன்று. நேரம் மட்டும் காலி.

பின்னால் கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள்.

"ஏங்க."

"கொஞ்ச நேரந்தாம்மா." கதவுக்கு அந்தப் பக்கம் கனிவான குரல். "சாப்ட்டுட்டேல்ல?"

கதவிடுக்கில் துணி நுழைந்தது. ஓரத்திலிருந்து நடுவுக்கு, நிதானமாக அடைத்துக்கொண்டு வந்தது. சாவித்துவாரத்தில் ஒரு குழாய்முனை. பிறகு அந்தச் சீறல்.

கதவைக் குத்தினாள். கூப்பிட்டாள். அக்கம்பக்கம் எல்லோரும் வேலைக்குப் போயிருக்கும் நேரம். போன் சமையலறையில். ஜன்னலுக்கு வெளியே கம்பி. அதன் பலகைக் கதவுகளைச் சட்டத்தோடு சேர்த்து ஆணி அடித்திருந்தான். வாளியில் செத்த ஆண்கள் மிதந்தன. அவற்றை விலக்கி முந்தானையை நனைத்து மூக்கில் பொத்தினாள்.

கூரையிலிருந்து ஒன்று விழுந்தது. இன்னொன்று. ஒல்லியானவை. மல்லாந்து, கால் நடுங்கி, ஓய்ந்தன.

ஜாடியில் பெண்கள் அசையாமல் நின்றன. மீசைகள் மட்டும் ஆடின. எல்லாம் அவள் பக்கம்.

கண் எரிந்தது. நாக்கில் இனிப்பு. கதவடியில் மண்டியிட்டு, பலகையோடு வயிறு அழுந்த, துணியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை.

சீறல் நின்றது.

அமைதி. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

பிறகு, கதவில் நகம்.

டக். டக். டக்.

அசையாவிட்டால் வாளி. அசைந்தால் இரண்டு சொட்டு.

அவள் அசையவில்லை. மூச்சைப் பிடித்தாள். விரல்கூட அசையவில்லை.

வயிற்றுக்குள் குழந்தை திடுக்கிட்டு உதைத்தது. பலகை மெல்ல அதிர்ந்தது.

அந்தப் பக்கம் அவன் காதை வைத்திருக்க வேண்டும்.

"பொண்ணுதான்" என்றான். அவ்வளவு சந்தோஷமாக அவன் பேசி அவள் கேட்டதில்லை.

பிறகு மருந்து ஊற்றும் சத்தம். இந்த முறை வெகுநேரம் ஊற்றிக்கொண்டிருந்தான்.